எத்தனையாம் நம்பர் கூண்டு? ஹாங்காங் வானிலைச் செயலியோடு எட்டு வருடங்கள்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். ஐப்பசி பிறந்துவிட்டால், நாளைக்கு எத்தனை லிட்டர் என்று பால்காரரிடம் சொல்வதற்கு முன் துறைமுகக் கம்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். 1-ஆம் எண் கூண்டு என்றால் வழக்கமான பால். 3 என்றால் பாதி. படகு கடலுக்குப் போகாது, விடியற்காலை வியாபாரம் இருக்காது. 5-ஐத் தாண்டினால் கடை முகப்புத் தகரத்தைக் கழற்றிக் கயிற்றால் கட்டிப் போட்டுவிடுவார். புயல் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கூண்டு எண் தெரிந்தால் அன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

2017 மார்ச்சில் கைக்குழந்தையோடு ஹாங்காங் வந்தபோது, இங்கேயும் அதே கூண்டு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அது கம்பத்தில் தொங்குவதில்லை. கைப்பேசியில் இருக்கிறது. ஹாங்காங் வானிலை ஆய்வு மையம் நடத்தும் 'மை அப்சர்வேட்டரி' செயலியைத்தான் சொல்கிறேன். 2010-ல் இருந்து இருக்கிறது, காசு கிடையாது. புதிதாக இங்கே குடிவருகிற தமிழ்க் குடும்பங்கள் அரிசி எங்கே கிடைக்கும், கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இந்தியக் கடைகள் நிறைந்த சுங்கிங் மேன்ஷன் கட்டடத்துக்கு வழி சொல்லும்போதே இந்தச் செயலியையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். வானிலை மையத்தின் தலைமையகமும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நேதன் சாலையை ஒட்டி, மரங்கள் அடர்ந்த சின்னக் குன்றின் மேல் 1883-ல் இருந்து இயங்குகிறது.

செயலியைத் திறந்தால் மேலேயே உங்கள் பகுதியின் வெப்பநிலை. ஏதாவது எச்சரிக்கை அமலில் இருந்தால் அதன் சின்னம் அங்கேயே நிற்கும். ஒன்பது நாள் முன்னறிவிப்பு, ராடார் படம், அடுத்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் இடத்தில் மழை வருமா என்கிற கணிப்பு, ஓதம் ஏறி இறங்கும் நேரம் எல்லாம் உண்டு. துணி காயப்போடலாமா என்பதற்கு ராடார் ஒன்றே போதும். இதெல்லாம் மற்ற செயலிகளிலும் கிடைக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். நான் எழுத நினைத்தது புயல் நேரத்தில் இது எப்படி உதவுகிறது என்பதைப் பற்றி.

இங்கே எச்சரிக்கை எண்கள் 1, 3, 8, 9, 10. ஐந்தே ஐந்து. ஊரில் 1-லிருந்து 11 வரை வரிசையாகப் பார்த்து வளர்ந்த எனக்கு இதுதான் முதல் அடி. 2017 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு 3-ஆம் எண் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடுத்தது 4, அப்புறம் 5, காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். அப்போது என்னிடம் செயலி இல்லை. எழுந்தபோது 8 ஏற்றியாகிவிட்டது. ஒன்பது மணி வாக்கில் 10. அதுதான் ஹாட்டோ புயல். ஜன்னலுக்கு வெளியே கம்பியில் காயப்போட்டிருந்த குழந்தைத் துணியெல்லாம் போயிற்று. துணி போனது பெரிதில்லை. கம்பி ஒன்று பெயர்ந்து கீழே விழுந்தது. முப்பத்தொன்றாம் மாடி. கீழே யாரும் நடக்கவில்லை என்பதை அறிந்துகொள்ளும்வரை என் கைகால் நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

3-க்கு அடுத்து ஏன் 8? ஒரு காலத்தில் 5, 6, 7, 8 என்று நான்கு எண்கள் இருந்தன. காற்று எந்தத் திசையில் இருந்து வரும் என்பதைக் காட்டத்தான் நான்கு. 5-ஐ விட 8 கொடியது என்று மக்கள் நினைத்துக் குழம்பியதால், 1973-ல் நான்கையும் 8 என்ற ஒரே எண்ணாக்கி வடமேற்கு, தென்மேற்கு, வடகிழக்கு, தென்கிழக்கு என்று திசையைப் பக்கத்தில் சேர்த்தார்கள். ஆக, 3-லிருந்து 8-க்குத் தாவுவது ஒரே படிதான். ஆனால் அந்த ஒரு படி வாழ்க்கையையே நிறுத்திவிடும். 3 என்றால் நகரத்தில் பலத்த காற்று, மணிக்கு 41 முதல் 62 கிலோமீட்டர். மழலையர் பள்ளிகளும் சில சிறப்புப் பள்ளிகளும் மட்டும் மூடும். 8 என்றால் 63 முதல் 117. பள்ளி முழுக்க விடுமுறை, அலுவலகங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும், படகும் பேருந்தும் ஒவ்வொன்றாக நிற்கும், போக இடமில்லாதவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடங்கள் திறக்கும். 118-ஐத் தொட்டால் 10.

ஹாட்டோ முடிந்த அன்று மாலையே செயலியை இறக்கிக்கொண்டேன். அதில் எனக்கு விலைமதிப்பில்லாத ஒன்று உண்டென்றால், 8-ஆம் எண்ணுக்கு முன்னால் வரும் சிறப்பு அறிவிப்பு. 8 ஏற்றப்போகிறோம் என்பதைச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே சொல்லிவிடுவார்கள். கைப்பேசி அதிர்ந்து, இத்தனை மணிக்கு ஏற்றுவோம் என்று ஒரு வரி. நகரமே அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும். அது வந்த நிமிடத்தில் ஷியுங் வானில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கணினியை மூடுவார்கள். தூரத்தில் இருப்பவர்கள், படகில் போகவேண்டியவர்கள் முதலில் கிளம்புவார்கள். நான் செங் குவான் ஓ வரை ரயிலில் வந்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு, கீழே கடையில் கீரையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மேலே ஏற இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். தகரத்தைக் கழற்ற அப்பாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

இந்த முன்னறிவிப்பின் அருமையைத் தெரிந்துகொள்ள மக்காவ் நகரத்தைப் பார்க்கவேண்டும். ஹாங்காங்கிலிருந்து படகில் ஒரு மணி நேரம்தான். அதே ஹாட்டோவில் அங்கே 10 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை எண்களைத் தாமதமாக ஏற்றினார்கள் என்று ஊரே கொதித்தது, வானிலைத் துறைத் தலைவர் பதவி விலகினார். மறு வருடம் அதைவிடப் பெரிய மங்குட் வந்தபோது அங்கே சூதாட்ட விடுதிகளைக்கூட முன்கூட்டியே மூடினார்கள். ஓர் உயிர்ச்சேதமும் இல்லை.

செயலியில் 8-க்குப் பக்கத்தில் வரும் திசையைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதில்தான் பாதிப் பயன். எங்கள் படுக்கையறை ஜன்னல் தென்கிழக்கைப் பார்த்தது, எதிரே கடல். 2018 செப்டம்பர் 16-ந் தேதி மங்குட் வந்தபோது முதலில் 8 வடகிழக்கு. அப்போது வீட்டில் பெரிய சத்தமில்லை. புயல் நமக்குத் தெற்கே மேற்கு நோக்கி நகரும்போது காற்று கிழக்குக்குத் திரும்பி, பின் தென்கிழக்காகும் என்று எதிர்வீட்டுப் பாட்டி சைகையிலேயே விளக்கினார். செயலியின் பாதை வரைபடத்தைப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. குழந்தையின் படுக்கையைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போட்டோம். மதியம் அந்தத் தென்கிழக்கு ஜன்னல் கண்ணாடி மூச்சுவிடுவதுபோல் உள்ளும் வெளியுமாக அசைந்தது. கட்டடம் ஆடியது, கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் தளும்பியது. 10-ஆம் எண் 10 மணி நேரம் நின்றது. மங்குட் என்றால் தாய்லாந்து மொழியில் மங்குஸ்தான் பழமாம். அந்தப் பெயரை இனி எந்தப் புயலுக்கும் வைக்கக்கூடாது என்று பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டி சிறுமியாக ஷா தின்னில் இருந்தவர். 1962 செப்டம்பர் 1-ந் தேதி வாண்டா வந்தபோது தோலோ குடாவுக்குள் கடல் ஏறி, தாய் போ காவில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டியது. 130 பேர் இறந்துபோனார்கள். பாட்டி செயலி பார்ப்பதில்லை, தொலைக்காட்சிதான். ஆனால் நான் வரைபடத்தைக் காட்டினால் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்ப்பார். எட்டாம் எண் ஏறியது என்பதைக் கான்டனீஸில் 'எட்டாம் பந்து தொங்கவிட்டாயிற்று' என்கிற மாதிரிதான் சொல்வார்கள். நாம் கூண்டு என்கிறோம், அவர்கள் பந்து என்கிறார்கள். இங்கேயும் கம்பத்தில் சின்னங்களை ஏற்றுகிற நிலையங்கள் இருந்தன. கடைசி நிலையத்தை மூடியது 2002 ஜனவரி 1-ல்தான். கம்பம் போய் இத்தனை வருடம் ஆகியும் 'தொங்கவிட்டார்கள்', 'இறக்கினார்கள்' என்றே பேசுகிறார்கள். முதல்முறை இதைக் கேட்டபோது எனக்கு ஊர்ப் பேச்சைக் கேட்டதுபோல் இருந்தது.

இப்போது, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம். செயலியில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. ஒன்று நான் மேலே சொன்ன எச்சரிக்கை எண். அது ஹாங்காங்கில் வீசப்போகும் காற்றைப் பற்றியது. இன்னொன்று புயலின் தரம். அது புயலின் மையத்துக்கருகே வீசும் காற்றைப் பற்றியது. மணிக்கு 62 கிலோமீட்டர் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 63 முதல் வெப்பமண்டலப் புயல், 88 முதல் கடும் வெப்பமண்டலப் புயல், 118 முதல் டைஃபூன், 150 முதல் கடும் டைஃபூன், 185-ம் அதற்கு மேலும் சூப்பர் டைஃபூன். கடைசி இரண்டு படிகளை 2009-ல்தான் சேர்த்தார்கள். இரண்டு ஏணிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 800 கிலோமீட்டருக்குள் ஒரு புயல் வந்து நம்மைப் பாதிக்கக்கூடும் என்றால் 1-ஆம் எண். அந்தப் புயல் சூப்பர் டைஃபூனாகவும் இருக்கலாம், வெறும் தாழ்வு மண்டலமாகவும் இருக்கலாம்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி ரகசாவுக்கு 1-ஆம் எண் ஏற்றியபோது நடந்தது இதுதான். அது சூப்பர் டைஃபூன். வாட்ஸ்அப் குழுவில் புதிதாக வந்த ஒரு தம்பி, '1 தானே அக்கா, எதுக்கு இவ்வளவு பரபரப்பு' என்று கேட்டார். பல்பொருள் அங்காடியில் அதற்குள் கீரைத் தட்டு காலி. நான் அவருக்குப் பதில் எழுதினேன்: 1 என்பது தூரம், சூப்பர் என்பது பலம், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், வரைபடத்தில் கோடு நம் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். மறுநாள் பிற்பகல் 8. நள்ளிரவுக்குப் பின் 10.

அந்த வரைபடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். புயல் போகப்போகும் பாதையில் வட்டங்கள் போட்டிருப்பார்கள். நாள் ஆக ஆக வட்டம் பெரிதாகும். புயல் பெரிதாகிறது என்று நான் முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன். வட்டம் புயலின் அளவைக் காட்டுவதில்லை. அந்த நேரத்தில் புயலின் மையம் அந்த வட்டத்துக்குள் எங்காவது இருக்க 70 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். மீதி 30 சதவீதம் வட்டத்துக்கு வெளியே. ஆகவே உங்கள் வீடு வட்டத்தின் ஓரத்துக்கு வெளியே இருந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கோடு நகர்கிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

இந்தச் செயலியின் எல்லை ஹாங்காங்தான் என்பதையும் மறக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீன நகரமான ஷென்ஜென் போய்வருவார். ரகசா நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டார். 'இங்கே அவசரகால நடவடிக்கை 1-ஆம் நிலைக்குப் போய்விட்டது' என்று மெசேஜ். 1 என்றதும் சரி, பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: சீனப் பெருநிலத்தில் எண் கீழே இறங்க இறங்க ஆபத்து ஏறும். 4-ல் தொடங்கி 3, 2 என்று வந்து 1 தான் உச்சம். எச்சரிக்கை நிறங்களும் நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போகும். 1-ஆம் நிலை என்றால் அரசு எந்திரம் முழுவதும் இறங்கிவிட்டது என்று பொருள். ஷென்ஜெனில் சுமார் 4 லட்சம் பேரை இடம் மாற்ற ஏற்பாடு செய்தார்கள், பள்ளி, அலுவலகம், கடை, போக்குவரத்து எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் 1 என்றால் கவனி. அந்தப் பக்கம் 1 என்றால் வெளியே வராதே. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. காற்றை அளக்கும் முறைகூட வேறு. ஹாங்காங்கில் 10 நிமிடச் சராசரி, அங்கே 2 நிமிடம், அமெரிக்கர்கள் 1 நிமிடம். அதனால் ஒரே புயலுக்கு மூன்று இடத்தில் மூன்று வேகம் போட்டிருப்பார்கள். ஊரிலிருந்து தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுப் பயந்து கூப்பிடும் அம்மாவுக்கு நான் 10 நிமிடக் கணக்கைத்தான் சொல்வேன்.

இனி என் மனக்குறை. காற்று எண்ணை மட்டும் பார்த்தால் தண்ணீர் ஏமாற்றிவிடும். மங்குட்டில் குவாரி பேயில் கடல்மட்டம் 3.88 மீட்டர் வரை ஏறியது. எங்கள் பகுதிக் கடலோர நடைபாதையின் கற்களைப் பெயர்த்து எறிந்திருந்தது. எண் 8 என்று பார்த்துவிட்டு அலை பார்க்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ரகசா நெருங்கிய நாளில் சாய் வானில் ஒரு குடும்பமே கடலில் அடித்துச் செல்லப்பட்டது. புயல் அறிக்கையில் கடல்மட்டம் எவ்வளவு ஏறும் என்பது எழுத்தில் வருகிறது. அது எச்சரிக்கை எண் அளவுக்குப் பெரிதாக, முகப்பிலேயே நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். அதுவரை அறிக்கையைக் கடைசி வரி வரை படியுங்கள்.

மழைக்கும் தனி ஏணி: மணிக்கு 30 மில்லிமீட்டர் என்றால் மஞ்சள், 50 சிவப்பு, 70 கறுப்பு. 2023 செப்டம்பர் 1-ந் தேதி பள்ளி திறக்கும் நாளில் சாவோலாவுக்காகப் பள்ளியை மூடினார்கள், அன்றிரவு 10-ஆம் எண். அதற்குத் தயாராக இருந்த எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து, எந்தப் புயல் எண்ணும் ஏறாத 7-ந் தேதி இரவு, ஹைக்குய் புயலின் மிச்சம் கொட்டித் தீர்த்தது; ஒரே மணி நேரத்தில் 158.1 மில்லிமீட்டர், 1884-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் அதிகம். கறுப்பு எச்சரிக்கை 16 மணி நேரத்துக்கு மேல் நின்றது. புயல் அறிவிப்பை மட்டும் இயக்கி, மழை அறிவிப்பை அணைத்து வைத்திருந்த தோழி, காலையில் குழந்தையோடு சாலைக்கு வந்தபிறகுதான் தெரிந்துகொண்டாள்.

இன்னொன்று, எண் இறங்கிவிட்டது என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்றில்லை. மங்குட்டுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை 8 இறங்கி 3 ஆகியிருந்தது. பள்ளிக்கு விடுமுறை, அலுவலகத்துக்கு இல்லை. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்ததாகப் பிறகு கணக்கு வந்தது. பேருந்து ஓடச் சாலையே இல்லை. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில், வரவில்லையென்றால் விடுப்பில் கழிப்போம் என்று சொன்னார்கள். மூன்று வயதுகூட ஆகாத பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, விழுந்த மரங்களைத் தாண்டி நடந்து போனேன். இன்னும் ஆறாத கோபம் அது. 2019-ல் அரசு 'அதீதச் சூழல்' என்று ஓர் அறிவிப்பு முறையைக் கொண்டுவந்தது. 8 இறங்கிய பிறகும் நகரம் சீராகவில்லை என்றால், இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று அரசு சொல்லும், தேவைப்பட்டால் நீட்டிக்கும். அந்த அறிவிப்பு தருவது அரசு, வானிலை மையம் இல்லை. அதனால் 8 இறங்கும் நேரத்தில் செயலியோடு வானொலியையும் போட்டுவையுங்கள்.

செயலி ஆங்கிலத்திலும் சீனத்திலும் படிக்கலாம், தமிழ் இல்லை. வீட்டு வேலைக்கு வந்திருக்கும் நம் பெண்கள் சிலருக்கு ஆங்கிலம் வராது. ஆனால் சின்னங்களும் எண்களும் பெரிதாக இருப்பதால் பழக்கிவிடலாம். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன். அந்த அரை, கடல்மட்டம் முகப்புக்கு வரும் நாளில் கொடுத்துவிடுவேன்.

ரகசா இரவில் அம்மா கூப்பிட்டார். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூரைப் புரட்டியபோது, பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோது அந்த வீட்டில் தனியாக இருந்தவர் அவர். எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று கேட்கவில்லை.

'எத்தனாம் நம்பர் கூண்டும்மா?'

'பத்து.'

'எந்தப் பக்கத்துக் காத்து?'

செயலியைப் பார்த்துச் சொன்னேன். பிள்ளையை எந்த அறையில் படுக்கவைத்திருக்கிறாய் என்றார். சொன்னேன். சரி, போனை வை, சார்ஜ் தீர்ந்துவிடும் என்றார்.

போன வாரம் எங்கள் கட்டடத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பால் வாங்கக் கடை காட்டப் போனபோதே அந்தப் பெண்ணின் கைப்பேசியை வாங்கிச் செயலியை இறக்கிக் கொடுத்தேன். புயல் எச்சரிக்கை, மழை எச்சரிக்கை, 8-க்கு முந்தைய அறிவிப்பு, மூன்றுக்கும் சத்தம் போட்டு எழுப்பும்படி வைத்தாயிற்று. அவர்கள் வீட்டுத் துணிக்கம்பி திருகாணிகளை இந்த ஞாயிறு போய்ப் பார்க்கவேண்டும்.